ஆறு கிட்டார் ட்ராக், கரகரக்கும் லேப்டாப்: ரேம் வாங்குவதற்கு முன்னால்

கேள்வி:

அண்ணா, வணக்கம். நாகர்கோவிலில் வீட்டிலேயே ரீப்பர்ங்கிற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் வைத்து சொந்தமாகப் பாட்டு ரெக்கார்ட் பண்றேன். சர்ச் கொயரில் கிட்டார் வாசிப்பேன். லேப்டாப் ஐ5-8250யூ, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி இருக்கு. இப்போ பண்ற பாட்டில் ஆறு கிட்டார் ட்ராக். ஒவ்வொன்றிலும் ஓவர்டிரைவ், ஆம்ப் சிமுலேட்டர், கேபினெட், ஈக்யூ, டிலே, ரிவெர்ப். ட்ரம்ஸுக்கு ஒரு சாம்ப்ளர் பிளகின். குவாலிட்டி நல்லா வரணும்னு ப்ராஜெக்டை 96 கிலோஹெர்ட்ஸில் வச்சிருக்கேன். ட்ரைவர் ஆசியோ4ஆல். நாலாவது கிட்டார் வரைக்கும் ஓடுச்சு, அதுக்கு மேலே பிளே அழுத்தினா கரகரன்னு சத்தம், சில நேரம் அப்படியே நின்னுடுது. டாஸ்க் மேனேஜரில் பார்த்தா சிபியு 35 சதவீதம்தான் காட்டுது! பஃபரை 1024 ஆக்கினா சத்தம் குறையுது, ஆனா பிக் பட்டு கொஞ்சம் கழிச்சுதான் கேக்குது, வாசிக்கவே முடியல. கடையில் ரேமை 16 ஆக்கச் சொல்றாங்க, நண்பர் லேப்டாப்பையே மாத்தச் சொல்றார். எது சரி?

பதில்:

தம்பி, இரண்டுக்குமே இப்போது காசு செலவழிக்க வேண்டாம். உங்கள் ப்ராசஸர் 2017-ல் வந்தது, 15 வாட்டில் ஓடும் மெலிந்த லேப்டாப் ரகம், அதெல்லாம் உண்மைதான். ஆனால் ஆறு கிட்டார் உள்ள ஒரு பாட்டை முடிக்க அது தாராளமாகப் போதும். இப்போது அது திணறுவதற்குக் காரணம், வாசித்துப் பதிவு செய்வது, பதிந்ததை மிக்ஸ் செய்வது என்ற இரண்டு வேலைகளையும் ஒரே நேரத்தில் அதன் தலையில் கட்டியிருக்கிறீர்கள், அதுவும் 96 கிலோஹெர்ட்ஸில்.

முதலில் அந்த 35 சதவீதத்துக்கு வருவோம், ஏனென்றால் இதில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். டாஸ்க் மேனேஜர் காட்டுவது எல்லா கோர்களையும் சேர்த்து, கொஞ்ச நேரத்துக்கு எடுத்த சராசரி. ஆடியோவுக்குச் சராசரியால் ஒரு உபயோகமும் கிடையாது. 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒரு செகண்ட் சத்தம் 48,000 சாம்பிள்களாக, அதாவது துளித் துண்டுகளாக, வெட்டப்படுகிறது. பஃபர் என்பது ஒரே தடவையில் கணக்குப் போட்டுக் கொடுக்கும் சாம்பிள்களின் எண்ணிக்கை. அதை 128 என்று வைத்தால், ஒவ்வொரு 2.67 மில்லி செகண்டுக்கும் ஒரு முறை 128 சாம்பிள்களைக் கணக்குப் போட்டு இன்டர்ஃபேஸிடம் (கிட்டாரை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டியிடம்) கொடுத்தாக வேண்டும். நூறு முறை 1 மில்லி செகண்டில் முடித்துவிட்டு நூற்றியோராவது முறை 2.8 ஆகிவிட்டால், அந்த இடத்தில் இன்டர்ஃபேஸிடம் வாசிக்க எதுவும் இருக்காது, அதுதான் நீங்கள் கேட்கும் அந்தக் 'கரக்'. சராசரி அப்போதும் குறைவாகவே தெரியும்.

இன்னொன்று, உங்கள் ப்ராசஸரில் நாலு கோர், எட்டு த்ரெட். ஒரு த்ரெட் முழுவதுமாக நிரம்பி மூச்சுத் திணறினாலும் டாஸ்க் மேனேஜர் கணக்கில் அது வெறும் 12.5 சதவீதம். ஒரு ட்ராக்கில் வரிசையாகப் போட்ட பிளகின்களைப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது, ஓவர்டிரைவ் முடித்தால்தான் ஆம்ப் ஆரம்பிக்கும், ஆம்ப் முடித்தால்தான் கேபினெட். ஹோட்டலில் நாலு மாஸ்டர் இருந்தாலும் ஒரு தோசையை நாலு பேர் சேர்ந்து சீக்கிரம் வேகவைக்க முடியாது இல்லையா, அதே கதைதான். வேறு வேறு ட்ராக்குகளை வேறு வேறு கோருக்கு அனுப்பலாம், ஒரு ட்ராக்குக்குள் இருப்பதை அல்ல. அதனால் ஒரே ட்ராக்கில் கனமான பிளகின்கள் எட்டு இருந்தால் மீதி மூன்று கோர் சும்மா இருக்க, ஒரு கோர் செத்துக்கொண்டிருக்கும்.

ஆகவே டாஸ்க் மேனேஜரை மூடிவிட்டு, ரீப்பரில் வியூ மெனுவில் பெர்ஃபார்மன்ஸ் மீட்டரைத் திறங்கள், விண்டோஸில் கண்ட்ரோல், ஆல்ட், பி மூன்றும் சேர்த்து அழுத்தினாலும் வரும். அதில் ஆர்டி சிபியு என்று ஒரு வரி இருக்கும், நீங்கள் பார்க்க வேண்டியது அதைத்தான். நேரடி ஆடியோ வேலைக்குக் கிடைக்கும் நேரத்தில் எவ்வளவு செலவாகிறது என்று அது காட்டும். கீழே ஒவ்வொரு ட்ராக்கும் எவ்வளவு தின்கிறது என்ற பட்டியலும் வரும். பாட்டை ஒரு முறை முழுவதும் ஓடவிட்டு அந்தப் பட்டியலைப் பார்த்தாலே பாதிப் பிரச்சினை புரிந்துவிடும். பெரும்பாலும் நாம் சந்தேகப்பட்ட ஆம்ப் சிமுலேட்டர் இரண்டாவது இடத்தில் இருக்கும், அதன் பின்னால் போட்ட ஏதோ ஒரு ரிவெர்ப் முதலிடத்தில் இருக்கும்.

சரி, அடுத்து நீங்கள் கடிதத்தில் சொல்லாத, ஆனால் நடந்திருக்கும் என்று நான் நினைக்கிற ஒரு விஷயம். பதிந்து முடித்த கிட்டார் ட்ராக்குகளில் அந்தச் சிவப்பு ரெக்கார்ட் பட்டன் இன்னும் எரிந்துகொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ரீப்பருக்கு ஒரு நல்ல குணம் உண்டு, ஏற்கெனவே பதிந்த ட்ராக்குகளின் எஃபெக்ட்களை அது கொஞ்சம் முன்னாலேயே கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளும், வழக்கமான செட்டிங்கில் 200 மில்லி செகண்ட் முன்னால். ப்ரெஃபரன்ஸில் பஃபரிங் பக்கத்தில் 'ஆன்டிசிபேட்டிவ் எஃப்எக்ஸ் ப்ராசஸிங்' என்ற பெயரில் இருக்கும், அது டிக் ஆகியிருக்க வேண்டும். கியூபேஸில் ஆசியோ-கார்ட், ஸ்டூடியோ ஒன்னில் ட்ராப்அவுட் ப்ரொடெக்‌ஷன் என்பதெல்லாம் இதே யோசனைதான். இப்படி முன்கூட்டிச் செய்யும் வேலைக்கு 2.67 மில்லி செகண்ட் கெடு கிடையாது, நிதானமாக எல்லா கோர்களுக்கும் பகிர்ந்து செய்துகொள்ளும்.

ஆனால் ரெக்கார்டுக்குத் தயாராக, மானிட்டரும் திறந்து நிற்கிற ட்ராக்கில் இது நடக்காது. அடுத்து நீங்கள் என்ன வாசிக்கப் போகிறீர்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்? அந்த ட்ராக் அப்போதைக்கு அப்போதே கணக்காகியே தீர வேண்டும். அதோடு போகாது, அந்த ட்ராக் எந்த ஃபோல்டருக்குள், எந்த பஸ்ஸுக்குள் (பல ட்ராக்குகள் ஒன்றுசேரும் பொது ட்ராக்குக்குள்) போகிறதோ அங்கே உள்ள பிளகின்களும், கடைசியில் எல்லாம் சேரும் மாஸ்டர் ட்ராக்கில் உள்ளவையும் அதே கெடுவுக்குள் வந்துவிடும். ஆறு ட்ராக்கும் ஆர்ம் ஆகி, அதாவது அந்தச் சிவப்பு பட்டன் எரிந்தபடி, நின்றால் ஆறு சங்கிலியும் நேரடி வேலை, ஒன்று மட்டும் நின்றால் ஒன்றுதான். ஆகவே பதிந்து முடித்த ட்ராக்கை உடனே டிஸ்ஆர்ம் செய்யுங்கள், மாஸ்டரில் லிமிட்டர், மல்டிபேண்ட் கம்ப்ரஸர் என்று ஏதாவது போட்டிருந்தால் பதிவு முடியும்வரை அணைத்து வையுங்கள். லுக்-அஹெட் (சத்தத்தைக் கொஞ்சம் முன்கூட்டிப் பார்க்கும் வசதி) உள்ள லிமிட்டரும் லீனியர் ஃபேஸ் ஈக்யூவும் சிபியு போக, தாமதத்தையும் கூட்டும். பஃபர் 128-ல் இருந்தும் கிட்டார் இழுக்கிறதே என்று தவிப்பவர்களின் மாஸ்டரைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் இவற்றில் ஒன்று உட்கார்ந்திருக்கும்.

இனி 96 கிலோஹெர்ட்ஸ். கிட்டார் கேபினெட்டில் இருக்கிற ஸ்பீக்கர்கள் உயர்ந்த ஒலிகளைத் தாங்கிப் பாடும் சாதனங்கள் அல்ல. ராக் கிட்டாரில் அதிகம் புழங்கும் செலெஸ்ஷன் விண்டேஜ் 30-க்கு அந்தக் கம்பெனியே தரும் எல்லை 70 முதல் 5000 ஹெர்ட்ஸ். 48 கிலோஹெர்ட்ஸ் ப்ராஜெக்ட் 24,000 ஹெர்ட்ஸ் வரை பிடிக்கும். 96-க்குப் போனால் கூடுதலாக எதைப் பிடிக்கப் போகிறீர்கள்? ஆனால் ப்ராசஸருக்கு வேலை ஏறக்குறைய இரட்டிப்பு. 96-ல் பஃபர் 256 என்றாலும், 48-ல் பஃபர் 128 என்றாலும் கெடு அதே 2.67 மில்லி செகண்ட்தான், கைக்குத் தெரிகிற தாமதமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் 48-ல் அந்த நேரத்துக்குள் போட வேண்டிய கணக்கு பாதி.

96-க்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் ஒரே ஒரு நியாயம் உண்டு. டிஸ்டார்ஷன் என்பது புதுப்புது உயர் ஒலிகளை உண்டாக்கும் வேலை, அவை சாம்பிள் ரேட்டில் பாதிக்கு மேல் போனால் அங்கே மறைந்துவிடாமல் மடங்கிக் கீழே வந்து, சுருதியோடு சேராத ஒரு மணல் சத்தமாகக் கேட்கும். அலையஸிங் என்கிறோம். மேல் ஸ்ட்ரிங்கில் உயரமாக ஒரு நோட்டை பெண்ட் செய்தால், நோட்டு மேலே போகும்போது பின்னால் ஏதோ ஒன்று கீழே இறங்குவது போலக் கேட்டால் அதுதான். இதைத் தடுக்கத்தான் ஆம்ப் பிளகின்களிலேயே ஓவர்சாம்ப்ளிங் என்று ஒரு செட்டிங் இருக்கிறது, அந்தப் பிளகினுக்குள் மட்டும் சாம்பிள் ரேட்டைப் பெருக்கிக் கணக்குப் போடுவது அது, 2எக்ஸ், 4எக்ஸ், 8எக்ஸ் என்று போகும், சிலவற்றில் ஹெச்க்யூ என்றோ ஹை என்றோ மட்டும் இருக்கும். ப்ராஜெக்ட் முழுவதையும் 96 ஆக்கினால் ஈக்யூ, டிலே, ட்ரம்ஸ் என்று தேவையே இல்லாதவையும் இரட்டை வேலை செய்யும். ஓவர்சாம்ப்ளிங் என்றால் தேவைப்படும் ஆம்ப் மட்டும் செய்யும். இரண்டையும் சேர்த்து வைத்திருந்தால் நிலைமையைப் பாருங்கள், 96 கிலோஹெர்ட்ஸ் ப்ராஜெக்டில் 8எக்ஸ் என்றால் அந்த ஆம்ப் ஒரு செகண்டுக்கு 7,68,000 சாம்பிள்களைக் கணக்குப் போடுகிறது. அதுவும் ஆறு ட்ராக்கில். உங்கள் லேப்டாப் நாலாவது கிட்டார் வரை தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம்.

வாசிக்கும்போது ஓவர்சாம்ப்ளிங்கை அணைத்து விடுங்கள் அல்லது 2எக்ஸில் வையுங்கள். ஃப்ரீஸ் செய்யும்போதோ (அதைக் கீழே சொல்கிறேன்) கடைசியாக ரெண்டர் செய்யும்போதோ 4எக்ஸ் ஆக்கிக்கொள்ளலாம், அப்போது கெடு எதுவும் இல்லை, பாட்டு மூன்று நிமிஷம் என்றால் ரெண்டர் பத்து நிமிஷம் ஆனாலும் யாருக்கு நஷ்டம்? க்ளீன் டோனுக்கு இதெல்லாம் அநேகமாகத் தேவையே இல்லை. நியூரல் ஆம்ப் மாடலர் என்ற ஆம்ப் பிளகினைப் பயன்படுத்துகிறீர்களா என்று சொல்லவில்லை, அப்படியென்றால் ஒரு கூடுதல் செய்தி: அதன் மாடல்கள் வழக்கமாக 48 கிலோஹெர்ட்ஸில் பயிற்சி கொடுக்கப்பட்டவை, ப்ராஜெக்ட் 96-ல் இருந்தால் பிளகின் உள்ளுக்குள் 48-க்கு இறக்கி, கணக்குப் போட்டு, மறுபடி ஏற்றிக் கொடுக்கிறது. ஆகவே அதற்கு 96 சுத்த வீண். அதில் ஸ்டாண்டர்ட், லைட், ஃபெதர், நானோ என்று மாடல் அளவுகள் உண்டு, ஃபெதரில் வாசித்துப் பதிந்துவிட்டு அதே ஆம்பின் ஸ்டாண்டர்ட் மாடலைப் பிறகு மாற்றிப் போடுவது நல்ல பழக்கம், இரண்டு அளவும் கிடைக்கிற ஆம்ப் என்றால்.

ஆனால் இப்போது கையில் இருக்கும் பாட்டைப் பாதியில் 48-க்கு மாற்றாதீர்கள். பதிந்த ஃபைல்கள் எல்லாம் 96-ல் இருக்கும், ஓடும்போதே அவற்றை மாற்றிக்கொண்டே வாசிப்பதும் ஒரு வேலைதான். இதை இப்படியே முடியுங்கள், அடுத்த பாட்டை 48-ல் ஆரம்பியுங்கள்.

இந்தப் பாட்டை எப்படி முடிப்பது? ஃப்ரீஸ். எனக்கு ஒரு நிமிஷம்தான் பேச நேரம் இருக்கிறது என்றால் இதை மட்டும் சொல்லிவிட்டுப் போவேன். முடிந்த கிட்டார் ட்ராக்கை ரைட் க்ளிக் செய்து ரெண்டர்/ஃப்ரீஸ் என்ற இடத்தில் மோனோவாகவோ ஸ்டீரியோவாகவோ ஃப்ரீஸ் கொடுத்தால், ரீப்பர் எல்லா எஃபெக்ட்களோடும் சேர்த்து அதை ஒரு ஆடியோ ஃபைலாக எழுதிவிட்டு பிளகின்களை இறக்கி வைத்துவிடும். அதற்குப் பிறகு அந்த ட்ராக்குக்கு ஆகும் செலவு ஒரு பாட்டு ஃபைலை வாசிக்கும் செலவுதான். பிடிக்கவில்லையா, அன்ஃப்ரீஸ் கொடுத்தால் எல்லாம் பழையபடி வந்துவிடும். கோரஸில் மட்டும் வருகிற கிட்டாருக்குக்கூட, அது வாசிக்காத இடங்களிலும் ஆம்ப் பிளகின் பெரும்பாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும், அந்தத் தண்டச் செலவும் இதோடு போய்விடும். ட்ரம்ஸ் சாம்ப்ளரையும் ஃப்ரீஸ் செய்யுங்கள், ட்ரம்ஸ் பேட்டர்ன் முடிவாகிவிட்டது என்றால்.

ஃப்ரீஸ் செய்யப் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். பிறகு டோனை மாற்ற வேண்டி வந்தால்? மாற்றுங்கள், யார் தடுத்தார்கள். ரீப்பரில் சாதாரணமாகப் பதிந்தால் ஃபைலில் போய் உட்காருவது எஃபெக்ட் எதுவும் இல்லாத வெறும் டிஐ சத்தம்தான், ட்ராக்கில் உள்ள பிளகின்கள் அதற்குப் பிறகுதான் வருகின்றன. இன்புட் எஃப்எக்ஸ் என்ற தனி இடத்தில் போட்டால்தான் சத்தத்தோடு சேர்ந்து பதியும். எனவே மூலச் சத்தம் எப்போதும் பத்திரம். உண்மையைச் சொன்னால், ஆறு கிட்டாரின் டோனையும் கடைசி நாள்வரை திறந்தே வைத்திருக்கும் பாட்டுகள் பெரும்பாலும் முடிவதே இல்லை. இது சிபியு பிரச்சினை அல்ல, இருந்தாலும் சொல்லத் தோன்றியது.

ஃப்ரீஸையும் தாண்டி, எதை எதைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று தெரிந்திருந்தால் மிக்ஸ் பண்ணும்போது நிறைய மிச்சமாகும். இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஆறு ட்ராக்கிலும் ஆறு ரிவெர்ப் போட்டிருக்கிறீர்கள். ஒரே ஒரு ரிவெர்ப் ட்ராக் வைத்து, கிட்டார்களிலிருந்து அதற்கு சென்ட் கொடுத்தால், அதாவது சத்தத்தின் ஒரு பங்கை அங்கே அனுப்பினால் போதும், ஆறு வேலை ஒன்றாகிவிடும். எந்தக் கிட்டார் எவ்வளவு நனைய வேண்டும் என்பதை சென்ட் அளவில் பார்த்துக்கொள்ளலாம். சத்தமும் இதில் நன்றாகத்தான் இருக்கும், எல்லாக் கிட்டாரும் ஒரே அறையில் வாசித்தது போல உட்காரும். ரீவெர்ப் பிளகினை வைத்திருந்தால், அதாவது ரீப்பரோடு வருகிற அந்த கன்வல்யூஷன் ரிவெர்பை, அதில் இசட்எல் என்று ஒரு டிக் இருக்கும், தாமதமே இல்லாமல் ஓட வைப்பது அது. மிக்ஸில் அதை எடுத்துவிட்டால் சிபியு குறையும், வரும் தாமதத்தை ரீப்பரே சரிக்கட்டிவிடும்.

கேபினெட் ஐஆர் (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலிக்குணத்தைப் பதிந்து வைத்த ஃபைல்), ஈக்யூ ஆகியவையும் ரிவெர்ப் மாதிரிதான், பகிர்ந்துகொள்ளலாம். இரண்டு கிட்டாரைத் தனித்தனியாக ஒரே ஐஆர் வழியாக அனுப்பிப் பிறகு சேர்த்தாலும், முதலில் சேர்த்துப் பிறகு அனுப்பினாலும் வருகிற சத்தம் ஒன்றுதான். ஆகவே ரிதம் கிட்டார் நாலுக்கும் ஒரே கேபினெட், ஒரே ஈக்யூ என்றால், அவற்றை ஒரு ஃபோல்டருக்குள் போட்டு ஃபோல்டரில் ஒன்றே ஒன்று வைக்கலாம், இடது வலது பேனிங் அப்படியே நிற்கும், ஐஆர் லோடர் ஸ்டீரியோவாக ஓட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஓவர்டிரைவ், ஆம்ப் இரண்டையும் இப்படிப் பகிரக் கூடாது. இரண்டு கிட்டாரைச் சேர்த்து ஒரே ஆம்புக்குள் விட்டால் இரண்டின் நோட்டுகளும் ஒன்றோடொன்று மோதிப் புதுப்புதுச் சத்தங்களை உண்டாக்கும், கோர்ட் கூழாகிவிடும். கம்ப்ரஸரும் அப்படித்தான், ஒரு கிட்டார் சத்தமாக அடித்தால் இன்னொன்று அமுங்கும். சில நேரம் வேண்டுமென்றே அப்படிச் செய்வோம், அது வேறு.

ஐஆர் ஃபைலின் நீளத்தையும் ஒரு பார்வை பாருங்கள். பக்கத்தில் மைக் வைத்து எடுத்த கிட்டார் கேபினெட்டுக்கு 2048 சாம்பிள், அதாவது 48 கிலோஹெர்ட்ஸில் 43 மில்லி செகண்ட் போதும். அரை செகண்ட் நீள ஐஆர் என்றால் பெரும்பாலும் அறையின் வாலையோ வெறும் மௌனத்தையோ சேர்த்துச் சுமக்கிறீர்கள்.

ஆம்ப்ளிட்யூப், கிட்டார் ரிக் மாதிரி எல்லாம் ஒன்றாக உள்ள பெரிய பிளகின் என்றால், ப்ரீசெட்டைப் போட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள். கேட்டவுடனே ஆள் மயங்க வேண்டும் என்று செய்யப்பட்ட ப்ரீசெட்கள் அவை, இரண்டு ஆம்ப் இணையாக ஓடும், அறை மைக் இருக்கும், மிக்ஸில் யாருக்கும் கேட்கவே போகாத ஒரு ரிவெர்ப் ஓடும். உள்ளே போய்த் தேவையில்லாததை அணையுங்கள், ட்யூனரையும் சேர்த்து. இன்புட்டில் மோனோ, ஸ்டீரியோ என்று சுவிட்ச் இருந்தால் மோனோ. கிட்டாரிலிருந்து வருவது ஒரே ஒரு வயர், அதை ஸ்டீரியோ ஆம்பில் விட்டால் பல பிளகின்களில் ஒரே கணக்கு இரண்டு முறை நடக்கும். இப்போதைக்கு வேண்டாம் என்று வைத்திருக்கும் பிளகினை பைபாஸ் செய்வதோடு நிற்காமல் ஆஃப்லைன் ஆக்கினால் மெமரியிலிருந்தும் இறங்கிவிடும்.

இனி வாசிக்கும் நேரத்துத் தாமதம். நிஜ ஆம்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்று வாசித்தால் சத்தம் காதுக்கு வர கிட்டத்தட்ட 9 மில்லி செகண்ட் ஆகிறது, சர்ச்சில் ஸ்பீக்கர் இன்னும் தூரத்தில் இருந்திருக்கும், வாசித்துக்கொண்டுதானே இருந்தீர்கள். ஆகவே போய்வரும் மொத்தத் தாமதம் 10 மில்லி செகண்டுக்குள் இருந்தால் கை குழம்பாது. 48-ல் 128 பஃபர் என்றால் உள்ளே 2.67, வெளியே 2.67, அதன் மேல் இன்டர்ஃபேஸும் யுஎஸ்பியும் கொஞ்சம் சேர்க்கும், நல்ல ட்ரைவர் என்றால் இந்த எல்லைக்குள் வந்துவிடும். 64-க்கும் 32-க்கும் இறக்க வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். மிக்ஸ் செய்யும்போது தயங்காமல் 1024 ஆக்குங்கள், அப்போது நீங்கள் வாசிக்கவில்லையே.

அந்த 128-ஐயும் உங்கள் லேப்டாப் தாங்க மறுத்தால், இருப்பதிலேயே உறுதியான வழி ஒன்று உண்டு. பாட்டை இதுவரை உள்ளபடி ஆரம்பத்திலிருந்து ஒரே ஸ்டீரியோ ஃபைலாக ரெண்டர் செய்யுங்கள். புது ப்ராஜெக்ட் திறந்து, அதே சாம்பிள் ரேட், அதே டெம்போ வைத்து, அந்த ஒரு ஃபைலையும் ஒரு கிட்டார் ட்ராக்கையும் மட்டும் வையுங்கள். ஒரே ஒரு ஆம்ப் பிளகின்தான் ஓடும், எந்த லேப்டாப்பும் அதைத் தாங்கும். வாசித்து முடித்ததும் அந்த டிஐ ஃபைலைப் பழைய ப்ராஜெக்டில் கொண்டுபோய் அதே இடத்தில் வைத்தால் வேலை முடிந்தது. பழைய முறை என்று தோன்றும், ஆனால் பெரிய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களும் பாட்டில் ட்ராக் எண்ணிக்கை கூடிவிட்டால் இதைத்தான் செய்கிறார்கள்.

ட்ரைவரைப் பற்றி. ஆசியோ4ஆல் என்பது விண்டோஸின் சாதாரண ஆடியோ ட்ரைவர் மேல் போர்த்திய ஒரு உறை, உங்கள் இன்டர்ஃபேஸுக்காக எழுதப்பட்டது அல்ல. இன்டர்ஃபேஸ் கம்பெனியின் சைட்டில் அந்த மாடலுக்கென்று சொந்த ஆசியோ ட்ரைவர் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அதைப் போட்டு ரீப்பரில் தேர்ந்தெடுங்கள். இல்லாத மாடல் என்றால் ஆசியோ4ஆல் தவிர பெரிதாக வழியில்லை, அப்போது மேலே சொன்ன தனி ப்ராஜெக்ட் முறைதான் கை கொடுக்கும்.

சில நேரம் குற்றவாளி பிளகினே இல்லை. ஆர்டி சிபியு குறைவாகவே இருக்கிறது, ஆனாலும் நடுநடுவே கரகரக்கிறது என்றால் வேறு ஏதோ ஒரு ட்ரைவர் ப்ராசஸரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று அர்த்தம். லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டால் எந்த ட்ரைவர் என்று பெயரோடு சொல்லிவிடும். லேப்டாப்களில் பெரும்பாலும் வைஃபைதான் மாட்டும். பதிவு செய்யும்போது வைஃபையையும் ப்ளூடூத்தையும் அணைத்துவிடுங்கள், பவர் மோடை பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸில் வையுங்கள், சார்ஜரைச் செருகியே வாசியுங்கள். பேட்டரியில் ஓடும்போது விண்டோஸ் வேகத்தைக் குறைக்கும், கரண்ட் போன அடுத்த நிமிஷமே கரகரப்பு ஆரம்பித்தால் காரணம் அதுதான்.

ஆரம்பித்து பத்து பதினைந்து நிமிஷம் நன்றாக ஓடி, பிறகு கெடுகிறது என்றால் சூடு. உங்கள் ப்ராசஸரின் அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், சூடும் மின்சாரமும் அனுமதித்தால்தான் 3.4 வரை போகும். சூடேறினால் இறங்கிவிடும், அதே ப்ராஜெக்ட் திடீரென்று கனமாகிவிடும். ஏப்ரல், மே மாதத்தில் கட்டில் மெத்தை மேல் லேப்டாப்பை வைத்தால் அடியில் காற்றே போகாது. மேஜையில் வைத்துப் பின்பக்கம் இரண்டு புத்தகம் கொடுத்துத் தூக்கி வையுங்கள். வாங்கியதிலிருந்து ஃபேனைச் சுத்தம் செய்யவில்லை என்றால் சர்வீஸில் கொடுத்துத் தூசி எடுத்து தெர்மல் பேஸ்ட் மாற்றச் சொல்லுங்கள், இந்த வயதுள்ள லேப்டாப்புக்கு அது ரேமை விட நல்ல செலவு.

ரேம் எப்போது உதவும் என்றால், ட்ரம்ஸ் சாம்ப்ளர், பியானோ, ஸ்ட்ரிங்ஸ் என்று பதிந்து வைத்த வாத்தியச் சத்தங்களை (இவற்றுக்கும் சாம்பிள் என்றுதான் பெயர்) மெமரியில் ஏற்றும் பிளகின்கள் நிறைய இருந்து 8 ஜிபி நிரம்பி வழியும்போது. பெர்ஃபார்மன்ஸ் மீட்டரிலேயே ரீப்பர் எவ்வளவு ரேம் எடுக்கிறது என்று தெரியும், பிரவுசரை மூடிவிட்டுப் பாருங்கள். மொத்த உபயோகம் 6 ஜிபிக்குள் நின்றால் கடைக்காரரிடம் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். லேப்டாப்பை என்றாவது மாற்றினால், கோர் எத்தனை என்பதைவிட ஒரு கோரின் வேகத்தையும் குளிரூட்டலையும் பாருங்கள். பெயரின் கடைசியில் யூ என்று முடியும் ரகத்தைவிட ஹெச் என்று முடியும் ரகம் இந்த வேலைக்கு ஏற்றது. எடுத்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை என்றால் அதே காசுக்கு டெஸ்க்டாப்.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். சர்ச்சில் கிட்டார் வாசிக்கிறீர்கள் என்றால் மல்டி எஃபெக்ட்ஸ் பெடல் ஏதாவது வைத்திருப்பீர்களே? அதிலிருந்து இன்டர்ஃபேஸுக்கு ஒரு கேபிள் போட்டு, ரிதம் கிட்டார்களை அதன் டோனிலேயே பதிந்துவிடலாம், இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டரில் கேட்டால் கம்ப்யூட்டர் தாமதமே கிடையாது, சிபியு செலவும் பூஜ்யம். டோனைப் பிறகு மாற்ற முடியாது, அதுதான் விலை. ரிதமுக்கு அது பெரிய இழப்பு இல்லை என்பது என் கருத்து, லீட் கிட்டாரை மட்டும் டிஐயாக எடுத்து பிளகினில் விளையாடுங்கள். சில பெடல்கள் யுஎஸ்பி வழியாக டோனையும் டிஐயையும் தனித்தனியாக ஒரே நேரத்தில் அனுப்பும், உங்களுடையது அந்த ரகமா என்று மேனுவலில் பார்த்துவிட்டு, பெடல் மாடலையும் இன்டர்ஃபேஸ் மாடலையும் எழுதி அனுப்புங்கள். ஆறு ட்ராக்கையும் டிஸ்ஆர்ம் செய்த பிறகு ஆர்டி சிபியு எவ்வளவு காட்டுகிறது என்பதையும் சேர்த்து.